வெப் டிசைனுக்கு கோடிங் தெரியணுமா? – ஒரு முப்பத்தைந்து வருஷக் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கமணி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார்.

அண்ணாச்சி இங்கே அகமதாபாத் மணிநகரில் மெஸ் நடத்துகிறார். தூத்துக்குடிப் பக்கம். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டு அடுப்புக்கு லீவு விடும் நாட்களில் எல்லாம் எங்களுக்குச் சோறு போடுகிற புண்ணியவான். நான் போட்ட காபியை (அது வேறு கதை) இரண்டு வாய் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சார், உங்க பேங்க்ல நகைக் கடனுக்கு இப்ப கிராமுக்கு எவ்வளவு குடுக்கிய?"

"எதுக்கு அண்ணாச்சி? ஊர்ல ஏதும் விசேஷமா?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல சார். எல்லாம் இந்தப் பயலுக்குத்தான்."

பையன் பி.காம். முடித்துவிட்டான். இரண்டு முறை பேங்க் பரீட்சை எழுதி நூலிழையில் தவறவிட்டான். இப்போது வெப் டிசைன் படிக்க வேண்டும் என்கிறான். விசாரித்ததில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில், "கோடிங்கே வேண்டாம், எல்லாம் இழுத்து வச்சாலே போதும், மீதியை ஏஐ பார்த்துக்கும், ஆறு மாசம், 75,000 ரூபாய்" என்றார்களாம். அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு இடத்தில், "கோடிங் தெரியாம வெப் டிசைனே கிடையாது, ஒரு வருஷம், ஒண்ணேகால் லட்சம்" என்றார்களாம்.

"ரெண்டு பேருல எவன் சொல்லுதது நெசம்னு சொல்லுங்க சார். அவ செயினத்தான் வைக்கணும். ஒரு தடவதான் வைக்க முடியும்."

அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்தது. ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். (லோன் கேட்டு வருகிறவர்களிடம் டைம் கேட்டே பழகிவிட்டது :-))

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. சாதாரண பி.காம். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. "கோடிங் தெரியணுமா, வேண்டாமா" என்ற சண்டை வலைப்பக்கம் பிறந்த நாளிலிருந்தே நடக்கிறது. அந்தக் கதையை முதலிலிருந்து பார்த்தால் பதில் தானாக வரும் என்று தோன்றியது. அண்ணாச்சிக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

*

முதலில் ஒரு ஆச்சரியமான விஷயம். வலையைக் கண்டுபிடித்த மனிதரே, ஜனங்கள் உட்கார்ந்து கோட் அடிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை!

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் வந்து சில வருஷம் இருந்துவிட்டுப் போகிற இடம். ஆளுக்கொரு வகைக் கம்ப்யூட்டர். ஆள் போய்விட்டால் எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. டிரான்ஸ்ஃபரில் போன ஆபீசர் பீரோ சாவியை எங்கே வைத்தார் என்று நாங்கள் தேடுவோமே, அந்த மாதிரி. இதற்கு ஒரு வழியாக 1989 மார்ச்சில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதல் உலாவியையும் எழுதிவிட்டார்.

அந்த முதல் உலாவி படிக்க மட்டும் ஆனது இல்லை. எழுதவும் ஆனது. இன்றைக்கு வேர்டில் தட்டுகிற மாதிரி தட்டி, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து "இது தலைப்பு" என்று மெனுவில் சொன்னால் தலைப்பு. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து "இதற்குச் சுட்டி கொடு" என்றால் சுட்டி. பின்னால் ஓடும் ஹெச்டிஎம்எல்லை எழுதுகிறவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதாவது "கோடிங் வேண்டாம்" என்கிற இன்ஸ்டிட்யூட்காரர் பேச்சு 1990-லேயே ஆரம்பித்துவிட்டது.

பிறகு எங்கே தடம் மாறியது?

அந்த உலாவி நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியே வந்து தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. விலை அதிகம், வைத்திருந்தவர்கள் குறைவு. மற்றவர்களுக்காக நிக்கோலா பெல்லோ என்ற மாணவி எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும் ஒரு எளிய உலாவியை எழுதினார். அதில் படிக்கலாம், எழுத முடியாது. 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் மொசைக் கொண்டு வந்தார்கள். எழுத்துக்கு நடுவிலேயே படமும் தெரிந்ததால் உலகமே மொசைக் பக்கம் சாய்ந்தது. அதிலும் படிக்கலாம், எழுத முடியாது.

ஆக, சொந்தமாகப் பக்கம் போட நினைத்தவர்களுக்கு வேறு வழியில்லை. நோட்பேட் மாதிரி ஒன்றைத் திறந்து, கணக்கில் "விடச் சிறியது", "விடப் பெரியது" என்று போடுவோமே, அந்தக் குறிகளுக்குள் டேக்குகளைக் கையால் அடிக்க வேண்டியதாயிற்று. ஜனங்கள் இதைப் பொறுத்துக்கொண்டு செய்தது தனக்கே வியப்பாக இருந்தது என்று பெர்னர்ஸ்-லீ பின்னாளில் எழுதியிருக்கிறார்.

எனவே "கோடிங் தெரியாமல் வெப் டிசைனே கிடையாது" என்பது வேதவாக்கு ஒன்றும் இல்லை. ஒரு விபத்தால் வந்த பழக்கம்.

*

ஆனால் அந்த விபத்தால் ஒரு பெரிய நன்மையும் விளைந்தது.

ஆரம்பத்தில் ஹெச்டிஎம்எல்லில் இருந்த டேக்குகள் இருபதைத் தாண்டாது. 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. உலாவிகளில் "வியூ சோர்ஸ்" என்று ஒரு வசதி இருந்தது. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும், அதைச் சொடுக்கினால் அந்தப் பக்கம் எப்படி எழுதப்பட்டது என்பது அப்படியே தெரியும். சரவணபவன் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் பக்குவம் முழுக்க மேசைக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி! உலகத்தில் ஃபீஸ் வாங்காத மிகப் பெரிய இன்ஸ்டிட்யூட் அதுதான்.

அந்த இன்ஸ்டிட்யூட்டின் மாணவன் நான். 2000-ஆம் வருஷம், கும்பகோணம். பி.காம். கடைசி வருஷம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு நாற்பது ரூபாய். அது எனக்கு இரண்டு நாள் டிபன் காசு. ஜியோசிட்டீஸில் இலவசமாக இடம் கொடுத்தார்கள். 1994-இல் தொடங்கி, 1999-இல் யாஹூ வாங்கிய கம்பெனி. பக்கம் போட அங்கே இரண்டு வழி. ஒன்று, படங்களை இழுத்து வைத்துச் செய்யும் கருவி. எங்கள் சென்டரின் டயலப் வேகத்தில் அது திறப்பதற்குள் என் அரை மணி நேரக் காசு போய்விடும். இன்னொன்று, வெறும் ஹெச்டிஎம்எல்லை ஒட்டும் பெட்டி. நான் வீட்டில் நோட்டில் டேக்குகளை எழுதி வைத்துக்கொண்டு போய், கால் மணி நேரத்தில் தட்டிவிட்டு வருவேன். ஆசையால் இல்லை, பஞ்சத்தால் கற்ற கோடிங் :-)

கும்பகோணத்துக் கோயில்களைப் பற்றி நாலு பக்கம் போட்டேன். பளபளக்கும் நட்சத்திரங்கள், ஓடும் எழுத்துகள், "இது வரை வந்தவர்கள்" எண்ணிக்கை எல்லாம் உண்டு. இப்போது பார்த்தால் கண் வலிக்கும். கோடிங் தெரிந்தால் டிசைன் வந்துவிடாது என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி. இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பத்திரிகை, புத்தக வடிவமைப்பிலிருந்து வந்தவர்கள்தான் எழுத்தின் அளவு, ஓரத்தில் விட வேண்டிய வெற்றிடம் என்றெல்லாம் வலைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் அவர்கள் கேட்ட அழகைக் கொடுக்க அன்றைய ஹெச்டிஎம்எல்லுக்குத் தெம்பு இல்லை. அதனால் ஒரு குறுக்கு வழி பிறந்தது. அட்டவணை போடுவதற்காக இருந்த டேபிளைப் பக்கத்தின் எலும்புக்கூடாக மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை இழுத்து இடைவெளி விட்டார்கள். டேவிட் சீகல் 1996-இல் இதையெல்லாம் புத்தகமாகவே போட, வலை முழுக்க அதுவே நடைமுறை ஆனது.

*

இந்தச் சமயத்தில்தான் "கோடிங் வேண்டாம்" கட்சி பலமாகத் திரும்பி வந்தது.

வெர்மீர் என்ற சின்ன கம்பெனி 1995-இல் ஃப்ரண்ட்பேஜ் என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. 1996 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. வேர்டு தெரிந்தவர்கள் எல்லாம் வெப் டிசைனர் ஆனார்கள். நம் ஊர்களிலும் ஃப்ரண்ட்பேஜ் கோர்ஸ் போர்டு இல்லாத கம்ப்யூட்டர் சென்டர் கிடையாது. 1997 டிசம்பரில் மேக்ரோமீடியாவின் ட்ரீம்வீவர் வந்தது. அதன் பெருமை என்ன தெரியுமா? நீங்கள் கையால் எழுதிய கோடை நான் கலைக்க மாட்டேன் என்பதுதான். ஒரு கருவி இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது என்றால், மற்றவை என்ன செய்துகொண்டிருந்தன என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஃப்ரண்ட்பேஜில் செய்த பக்கங்களில் எண்ணிக்கை காட்டுவது, படிவம் அனுப்புவது போன்ற வசதிகள் ஓட, சர்வரில் அதற்கென்று தனி இணைப்புகள் வேண்டும். சர்வரை மாற்றினால் அவை நின்றுவிடும். நின்றது ஏன் என்று கருவியை மட்டும் கற்றவருக்குத் தெரியாது. 2006-இல் மைக்ரோசாப்ட் ஃப்ரண்ட்பேஜையே மூடியது. கோர்ஸ் சர்டிபிகேட் கையில் இருந்தது, கருவி இல்லை.

இதற்கு நடுவே இன்னொரு பூகம்பம். ஹோகன் வியும் லீ என்பவர் 1994 அக்டோபரிலேயே, உள்ளடக்கம் தனி, அலங்காரம் தனி என்று பிரிக்கும் சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்திருந்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் தரநிர்ணயம் வந்தது. ஆனால் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் போட்ட சண்டையில் ஒன்றில் சரியாகத் தெரிவது மற்றதில் கோணலாகத் தெரியும். 1998-இல் டிசைனர்கள் ஒன்றுசேர்ந்து, தரநிர்ணயத்தை ஒழுங்காகப் பின்பற்றுங்கள் என்று உலாவிக் கம்பெனிகளிடம் போராடவே ஆரம்பித்தார்கள். 2003-இல் கனடாவின் டேவ் ஷே, சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தைத் திறந்தார். ஒரே ஹெச்டிஎம்எல், ஒரு எழுத்து மாறாது. சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றினால் ஒரு முறை சீனத் தோட்டம் மாதிரி, இன்னொரு முறை சினிமா போஸ்டர் மாதிரி. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். டேபிள் எலும்புக்கூட்டின் காலம் அதோடு சாயத் தொடங்கியது.

அப்புறம் ஃப்ளாஷ். முகப்பு முழுக்க நடனமாடும் பக்கங்கள் நினைவிருக்கிறதா? 2007-இல் வந்த ஐபோனில் ஃப்ளாஷ் ஓடவில்லை, கடைசி வரை ஓடவே இல்லை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அடோபி அதற்கு ஆதரவை நிறுத்தியது. முழுக்க ஃப்ளாஷிலேயே கட்டிய தளங்கள் வெற்றுப் பெட்டிகளாகின.

போன் வந்ததும் அகலமான பக்கங்கள் எல்லாம் கை அகலத்துக்குச் சுருங்க வேண்டியிருந்தது. 2010 மே மாதம் ஈதன் மார்காட், ஒரே பக்கம் திரைக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும் முறைக்குப் பெயர் வைத்து எழுதினார். அவர் சொன்ன முறை எதுவும் புது மென்பொருள் இல்லை. எல்லாம் சிஎஸ்எஸ்ஸுக்குள் இருந்த விஷயங்கள். சிஎஸ்எஸ் படிக்கத் தெரிந்தவர்கள் சீக்கிரம் மாறிக்கொண்டார்கள். கருவியை மட்டும் தெரிந்தவர்கள் அடுத்த கருவிக்காகக் காத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஃப்ரண்ட்பேஜ் போயிற்று. ஃப்ளாஷ் போயிற்று. ஜியோசிட்டீஸும் 2009 அக்டோபரில் கதவைச் சாத்தியது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பிறந்த ஹெச்டிஎம்எல் மட்டும் அப்படியே இருக்கிறது.

*

இதை நான் கேள்விப்பட்டு மட்டும் சொல்லவில்லை. பட்டும் தெரிந்துகொண்டேன்.

ஜியோசிட்டீஸ் மூடியபோது என் கும்பகோணம் பக்கங்கள் அதனோடு போய்விட்டன. ஆனால் ஒரு சிடியில் நகல் இருந்தது. போட்டுத் திறந்தேன். ஒன்பது வருஷத்துப் பழைய பக்கம் அச்சுப் பிசகாமல் திறந்தது. தலைப்பு, டேபிள், ஓடும் எழுத்து எல்லாம் சரி. தமிழ் மட்டும் ஜிலேபி! மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது தளத்துக்கு ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டால்தான் தமிழ் தெரியும். பிறகு யூனிகோட் வந்தது, இ-கலப்பை வந்தது, நாமெல்லாம் ஊரை விட்டு எங்கெங்கோ உட்கார்ந்து தமிழில் எழுத ஆரம்பித்தோம்.

வியூ சோர்ஸைத் திறந்து பார்த்தேன். எந்த எழுத்துருவில் எழுதினேன் என்று டேக்குக்குள் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். பெயர் தெரிந்துவிட்டதால் அதற்குரிய மாற்றியைத் தேடி யூனிகோடுக்கு மாற்றி, இது யூடிஎஃப்-8 என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். மகாமகக் குளம் மறுபடியும் தமிழில் வந்தது. அந்த வரிகளில் பாதி, காலமாகிவிட்ட என் தாத்தா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. படிக்கத் தெரியாதிருந்தால் அவையும் ஜிலேபியாகவே போயிருக்கும்.

அப்போது வலைப்பூ ஆரம்பித்த பல பேரும் என்னைப் போலத்தான். வாத்தியார்கள், கணக்கர்கள், இல்லத்தரசிகள். பிளாக்கர் டெம்ப்ளேட்டைத் திறந்து, "இந்த வரிக்குக் கீழே இதை ஒட்டுங்கள்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தோம். யாரும் புரோகிராமர் ஆகவில்லை. ஆனால் எந்த வரி என்ன செய்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

*

என் தொழிலிலும் இதே கதைதான்.

2005-இல் பேங்கில் சேர்ந்து, முதல் போஸ்டிங் மகாராஷ்டிராவில் ஒரு சின்ன ஊர். நான் இருந்தபோதுதான் கிளையின் கணக்குகள் எல்லாம் மையக் கம்ப்யூட்டருக்கு மாறின. மாறிய முதல் காலாண்டில், ஒரு கடனாளி வந்து தன் வட்டி தப்பு என்று சண்டை போட்டார். நாங்கள் இளவட்டங்கள் எல்லாம் ரிப்போர்ட்டை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே தொகைதான் வந்தது. ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த ஒரு மராட்டியப் பெரியவர், பென்சிலை எடுத்து, தினசரி பாக்கியை நாட்களால் பெருக்கி, பழைய முறையில் வட்டி போட்டார். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் வித்தியாசம். வட்டி விகிதம் மாறிய தேதியை உள்ளே ஏற்றும்போது பிசகியிருந்தது.

அவர் சொன்னதை மறக்கவே முடியாது. "மெஷின் போட்ட கணக்கை மெஷின்கிட்டயே கேட்டா அது சரின்னுதான் சொல்லும், தம்பி."

டேலி வந்த பிறகு யாரும் பேரேட்டைக் கையால் எழுதுவதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எது பற்று, எது வரவு என்று தெரியாதவன் டேலியில் உட்கார்ந்தால், தப்பான கணக்கையும் அழகாக அச்செடுத்துக் கொடுப்பான். வலையில் கோடிங்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது ஏஐ வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பக்கம் வேண்டும் என்று பேச்சுவாக்கில் கேட்டாலே கோட் எழுதித் தருகிறது. பெர்னர்ஸ்-லீ 1990-இல் நினைத்தது ஒரு வழியாக நடந்தேவிட்டது என்றுகூடச் சொல்லலாம். இனி எழுதத் தெரிய வேண்டும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதித் தருவதற்கு வேறு ஆள் வந்துவிட்டால், வந்ததைப் படித்துப் பார்க்கத் தெரிவது முன்னைவிட அவசியமாகிவிடுகிறது. கையெழுத்துப் போடுகிறவன் படிக்காமல் போடக்கூடாது இல்லையா?

கண்ணுக்குத் தெரியாத விஷயங்களும் இருக்கின்றன. பார்வையில்லாத வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வருவார். போனில் திரை வாசிப்பான் வைத்திருக்கிறார். பல தளங்களில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் அது வாசிக்குமாம். படத்தை வைத்தவர் அது என்ன படம் என்று கோடில் ஒரு சொல் எழுதவில்லை. இப்படி எழுத வேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டி 1999-லேயே வந்துவிட்டது. பக்கம் கண்ணுக்கு அழகாக இருக்கும்போது இந்தக் குறையை டிசைனர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கோடைத் திறந்தால்தான் தெரியும்.

பெரிய கம்பெனிகளில் வரைகிறவர் வேறு, கோட் எழுதுகிறவர் வேறு. அங்கே கோடிங்கே தெரியாத நல்ல டிசைனர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அண்ணாச்சி மகன் மாதிரி ஆரம்பிக்கிற பையனுக்கு முதலில் கிடைப்பது ஒரு ஜவுளிக்கடை, ஒரு டியூஷன் சென்டர், ஒரு மெஸ். அங்கே வரைகிறவரும் அவன்தான், பழுது பார்க்கிறவரும் அவன்தான்.

*

அடுத்த ஞாயிறு அண்ணாச்சியும் பையனும் சேர்ந்து வந்தார்கள். பையனுக்குத் தமிழைவிட குஜராத்தி சரளம். "அங்கிள், நான் ஆல்ரெடி ஒரு சைட் பண்ணிட்டேன்" என்று போனைக் காட்டினான். ஏஐயிடம் சொல்லி ஒரு மணி நேரத்தில் அப்பா மெஸ்ஸுக்குப் போட்ட பக்கம். வாழையிலைப் படம், விலைப் பட்டியல், எல்லாம் ஜோராக இருந்தது.

"என் போன்ல திற" என்று கொடுத்தேன். படம் மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கியது. அண்ணாச்சி, "நம்பர அமுக்குனா போன் போகலியே லே" என்றார். போன் நம்பர் படத்துக்குள் இருந்தது, எப்படிப் போகும்? பையன் ஏஐயிடம் "சரி பண்ணு" என்று நாலு முறை கேட்டான். அது நாலு முறை நிறத்தை மாற்றியது :-)

லேப்டாப்பைத் திறந்து வியூ சோர்ஸைக் காட்டினேன். "இதுல படம்னு போட்டிருக்கற வரி எது, பாரு." ஐந்து நிமிஷம் ஆயிற்று. போன் கேமராவில் எடுத்த படத்தை, ஐந்து எம்பிக்கு மேல், அப்படியே ஏற்றிவிட்டுச் சின்னதாகக் காட்டச் சொல்லியிருந்தது. நம்பருக்குச் சுட்டியே இல்லை. இரண்டையும் அவனே கண்டுபிடித்தான். என்ன தப்பு என்று தெரிந்த பிறகு ஏஐயிடம் அதைச் சரியாகக் கேட்டான். ஒரே முறையில் சரியாகிவிட்டது.

அவனிடம் சொன்னது இவ்வளவுதான். மூன்று மாசம் காசு செலவில்லாமல் ஹெச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் படி. தினம் உனக்குப் பிடித்த ஒரு பக்கத்தின் சோர்ஸைத் திறந்து, எந்த வரி எதைச் செய்கிறது என்று நோட்டில் எழுது. ஜாவாஸ்கிரிப்ட் நிஜமான புரோகிராமிங், அது அப்புறம். ஏஐ தருகிறதை வாங்கிக்கொள், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நீ பதில் சொல்லத் தெரிந்த பிறகு வெளியே விடு. எழுத்து, நிறம், வெற்றிடம் பார்க்கக் கண்ணைப் பழக்கு. இதற்கு அப்புறமும் ஆசை இருந்தால் எந்த இன்ஸ்டிட்யூட் என்று பேசலாம். அப்போது அவர்களிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

அண்ணாச்சி எழுந்திரிக்கும்போது, "அப்ப செயின இப்ப வைக்க வேண்டாம்ங்கிய" என்றார்.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி."

"நகைக் கடன் வேண்டாம்னு சொல்லுத பேங்க் ஆபீசர நான் இப்பத்தான் பாக்கேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். எங்கள் ரீஜனல் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

பி.கு.: நேற்று மெஸ்ஸுக்குப் போயிருந்தேன். பையன் கல்லாவில் உட்கார்ந்து நோட்டில் டேக் எழுதிக்கொண்டிருந்தான். அண்ணி கழுத்தில் செயின் இருந்தது. ரசத்துக்குக் காசு வாங்கவில்லை.